குகை முக்குளிப்பும் மறுசுவாசக் கருவியும்: திரும்பும் வழிக்கான வாயுக் கணக்கு

நீர் நிறைந்த குகைகளுக்குள் முக்குளித்துச் செல்வதன் தனித்த இடர், ஆழத்தையோ குளிரையோ இருளையோ விட, தலைக்கு மேலே பாறைக்கூரை இருப்பதிலேயே அடங்கியுள்ளது. திறந்த கடலில் சுவாசக் கருவி பழுதுபட்டால், வேறு என்ன தீங்கு நேர்ந்தாலும், நேர் மேலே எழுந்து காற்றைத் தொட்டுவிடும் வழி ஒன்று மிஞ்சியிருக்கும். குகைக்குள்ளோ, வந்த வழியே நூற்றுக்கணக்கான மீட்டர், சில குகைகளில் ஆயிரக்கணக்கான மீட்டர், திரும்பி நீந்திய பிறகுதான் மேற்பரப்பு கிடைக்கும். அதனால் குகை முக்குளிப்பின் விதிகள் வாயுக் கணக்கையே அச்சாகக் கொண்டு வளர்ந்தன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி, நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட கையேட்டில் வலியுறுத்திய நெறிகளுள், குகைவாயிலில் தொடங்கி அறுபடாமல் செல்லும் வழிகாட்டிக் கயிறும், மூன்றில் ஒரு பங்கு விதியும் முதன்மையானவை. எடுத்துச் செல்லும் வாயுவில் ஒரு பங்கை உள்ளே செல்லவும் மற்றொரு பங்கை வெளியே வரவும் செலவிட்டு, எஞ்சிய பங்கைத் தனக்கோ துணைவருக்கோ நேரக்கூடிய ஆபத்துக்கென ஒதுக்கி வைப்பதே அவ்விதி.

இவ்விதி, திறந்த சுற்றுக் கருவி எனப்படும் வழக்கமான ஸ்கூபாவுக்காக வகுக்கப்பட்டது. அக்கருவியில் சிலிண்டரிலிருந்து வரும் வாயு ஒரே ஒரு முறை நுரையீரலுக்குள் சென்று, வெளிமூச்சில் குமிழிகளாக நீரில் கலந்து போய்விடுகிறது. எனவே அழுத்தமானியின் முள் இறங்குவதே முக்குளிப்பவரைத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கையாகவும் அமைந்தது. மறுசுவாசக் கருவி, வெளிமூச்சை நீரில் விடாமல் வாங்கிக்கொண்டு, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வேதிப்பொருளால் நீக்கி, உடல் செலவிட்ட ஆக்சிஜனை மட்டும் ஈடுசெய்து, மீண்டும் சுவாசிக்கத் தருகிறது. இதனால் வாயுவின் செலவு மிகச் சிறிதாகிவிட, அழுத்தமானியின் முள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே செல்லும் தொலைவுக்குத் தடையாக இருந்த பழைய எல்லை பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறது. கருவி எவ்வளவு நேரம் இயங்கும் என்பதைக் கொண்டு பயணத்தின் எல்லையை வகுப்பதா, அது நின்றுபோனால் வெளியேற என்ன வாயு கையில் இருக்கும் என்பதைக் கொண்டு வகுப்பதா என்ற வினாவே இத்துறையின் பாதுகாப்பு விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கிறது. இரண்டாவது அளவுகோலைத் தவிர வேறெதையும் குகைக்குள் ஏற்க முடியாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நீருக்கடியில் மறுசுவாசக் கருவி பெற்ற முதல் பெரும் வெற்றியே கூரைக்கு அடியில் நிகழ்ந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. இங்கிலாந்தின் ஹென்றி ஃப்ளூஸ் 1878-இல் உருவாக்கிய ஆக்சிஜன் கருவி, காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நார் வழியே வெளிமூச்சைச் செலுத்திக் கார்பன் டை ஆக்சைடை நீக்கியது. செவர்ன் ஆற்றின் அடியில் தோண்டப்பட்டு வந்த ரயில் சுரங்கம், பெரும் நீரூற்று ஒன்று உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் மூழ்கியபோது, உள்ளே ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் திறந்து கிடந்த இரும்புக் கதவை மூட வேண்டியிருந்தது. மேலிருந்து காற்று செலுத்தும் குழாயை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல இயலாமல் முதலில் திரும்பிய அலெக்சாண்டர் லாம்பெர்ட், 1880-இல் ஃப்ளூஸின் கருவியை அணிந்து சென்று அவ்வேலையை முடித்தார். வெளியுலகோடு குழாயால் பிணைக்கப்படாமல், சுமந்து செல்லும் சிறிதளவு வாயுவைக் கொண்டே நெடுந்தொலைவு செல்வது என்ற இக்கருவியின் ஆற்றலும் அதன் ஆபத்தும் அன்றே ஒருசேர வெளிப்பட்டன.

சாமர்செட்டின் வூக்கி ஹோல் குகையில் 1935-இல் கிரஹாம் பால்கோம்பும் ஜாக் ஷெப்பர்டும் தலைக்கவச உடையும் காற்றுக்குழாயும் கொண்டு முக்குளித்தனர். 1946-இல் பால்கோம்ப் நிறுவிய குகை முக்குளிப்புக் குழு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிடைத்த இராணுவ ஆக்சிஜன் மறுசுவாசக் கருவிகளையே முதலில் கையாண்டது. தூய ஆக்சிஜன் அழுத்தத்தின்கீழ் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதையும், அதைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மட்டுமன்றி ஒரே ஆளிடமும் நாளுக்கு நாள் மாறும் என்பதையும், போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் நடத்திய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆறேழு மீட்டருக்குக் கீழே நம்பிச் செல்ல முடியாத அக்கருவிகள், ஆழமான பகுதிகளை எட்டும் முயற்சிகள் பெருகப் பெருகக் காற்றுச் சிலிண்டர்களுக்கு இடம்விட்டு விலகின.

ஆக்சிஜனோடு வேறு வாயுக்களையும் கலந்து, கலவையின் அளவை மின்னணு உணர்விகளால் கட்டுப்படுத்தும் கருவிகள் வந்த பிறகே குகைகளுக்குள் மறுசுவாசம் மீண்டது. பில் ஸ்டோன் உருவாக்கிய கருவி 1987-இல் ஃபுளோரிடாவின் வக்குல்லா ஊற்றில் 24 மணி நேரத் தொடர் முக்குளிப்பில் சோதிக்கப்பட்டது. ஒரே சட்டகத்தில் இரண்டு முழுமையான சுவாசச் சுற்றுகளைக் கொண்டிருந்த அது, சுமப்பதற்கே பெரும் பாடான எடையுடையது. சுவிட்சர்லாந்தின் ஒலிவியே இஸ்லர் பிரான்சின் குகைகளில் பயன்படுத்திய கருவியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிச் சுற்றுகள் இருந்தன. நவீன மறுசுவாசக் கருவியைக் குகைக்குள் முதலில் கொண்டு சென்றவர்கள், ஒரு சுற்று நின்றுபோகும் என்பதை ஊகமாகக் கொள்ளாமல் உறுதியாகவே எடுத்துக்கொண்டு வடிவமைத்தார்கள் என்பதை இது காட்டுகிறது. பிற்காலத்தில் கருவிகள் எடை குறைந்து, கடைகளில் விலைக்குக் கிடைத்து, எளிதாகத் தோன்றத் தொடங்கியபோது இந்த முன்னெச்சரிக்கையே முதலில் கைவிடப்பட்டது. ஜாரட் ஜப்லான்ஸ்கியும் கேசி மெக்கின்லேயும் 2007 டிசம்பரில் டர்னர் சிங்க் என்னும் நீர்க்குழியில் இறங்கி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கடந்து வக்குல்லா ஊற்றில் வெளிவந்த பயணமோ வேறொரு வழியைத் தேர்ந்தது: அவர்களுடைய கருவி, ஒவ்வொரு மூச்சிலும் ஒரு சிறு பகுதியை வெளியேற்றி அதற்கு ஈடாகப் புதிய வாயுவை இயந்திர முறையிலேயே ஏற்கும் அரை மூடிய சுற்று வகையைச் சேர்ந்தது. வாயுச் சிக்கனத்தில் அது முழு மூடிய சுற்றுக்கு ஈடாகாது. ஆனால் ஆக்சிஜனைச் செலுத்தும் வேலையை எந்த மின்னணுச் சாதனத்திடமும் ஒப்படைக்காதது.

இன்று பரவலாக உள்ள முழு மூடிய சுற்றுக் கருவியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். வாய்முனையிலிருந்து புறப்படும் வெளிமூச்சு, நுரையீரலோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் சுவாசப் பைக்குச் சென்று, சோடா லைம் எனப்படும் குறுமணிகள் நிரப்பிய கலத்தைக் கடந்து, மற்றொரு பை வழியாக வாய்முனைக்குத் திரும்புகிறது. ஒரு சிறு சிலிண்டரில் தூய ஆக்சிஜனும், மற்றொன்றில் ஆக்சிஜனின் அடர்வைக் குறைத்துச் சுற்றின் கொள்ளளவை நிரப்பும் நீர்ப்பு வாயுவும் இருக்கும். நீர்ப்பு வாயு ஆழத்துக்கேற்பக் காற்றாகவோ ஹீலியம் கலந்த கலவையாகவோ அமையும். உடல் உணர்வது ஆக்சிஜனின் சதவீதத்தை அன்று, அதன் பகுதி அழுத்தத்தையே. அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த ஒரு வாயு வகிக்கும் பங்கையே. கடல்மட்டத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 1 பார். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் 1 பார் கூடும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை 1.3 பார் அளவில் நிலைநிறுத்துவதே பெரும்பாலான கருவிகளின் இலக்கு.

இதன் பயனை எண்களில் காணும்போதுதான் குகை ஆய்வாளர்கள் இக்கருவியை ஏன் விடமாட்டார்கள் என்பது விளங்கும். மிதமாக நீந்தும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் வாயுவைச் சுவாசிப்பதாகக் கொண்டால், 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார் ஆகையால் திறந்த சுற்றில் நிமிடத்துக்கு 80 லிட்டரும், 90 மீட்டரில் 200 லிட்டரும் செலவாகும். ஆனால் அவருடைய உடல் உண்மையில் எரிப்பது எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆக்சிஜன்தான். வெளிமூச்சின் ஈரமும் சோடா லைமின் வேதிவினை வெப்பமும் சுவாசத்தை இதமாக்குகின்றன. ஆக்சிஜன் அளவு நிலையாக இருப்பதால், உடலில் கரைந்த வாயு வெளியேற மேலெழும் வழியில் தங்கித் தங்கி வரவேண்டிய அழுத்தத் தளர்வு நேரமும் குறைகிறது. குகைக்கே உரிய ஒரு நன்மையும் உண்டு: குமிழிகள் கூரையில் மோதி அங்கு படிந்த வண்டலை உதிர்த்துப் பார்வையை மறைப்பது மூடிய சுற்றில் பெரும்பாலும் நிகழ்வதில்லை.

ஆனால் அதே குகையின் வடிவம் இக்கருவிக்குப் பகையாகவும் அமையும். மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தைப் போன்ற இடங்களில், வழி பலமுறை ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு ஏற்றத்திலும் விரிவடையும் வாயுவை வெளியேற்றி, ஒவ்வோர் இறக்கத்திலும் நீர்ப்பு வாயுவைச் சேர்க்க வேண்டியிருப்பதால், நாள் முழுவதும் போதுமெனத் தோன்றிய சிறு சிலிண்டர்கள் எதிர்பாராத விரைவில் காலியாகலாம். பத்து மீட்டரில் 1.3 பார் அளவுக்கு ஆக்சிஜன் நிரம்பிய சுற்றோடு 30 மீட்டருக்கு விரைந்து இறங்கினால், நீர்ப்பு வாயுவாகக் காற்று சேர்ந்த பின்னரும் பகுதி அழுத்தம் 1.7 பாரை எட்டக்கூடும். பையின் கொள்ளளவு மாறும்போதெல்லாம் மிதப்பு மாறுவதால், கூரையிலோ தரையிலோ உரசி வண்டலைக் கிளப்பும் அபாயமும் உண்டு. குமிழியோசை இல்லாத அமைதியில், பின்னால் வரும் துணைவர் நின்றுவிட்டதை முன்னே செல்பவர் செவியால் அறிய முடியாது. விளக்கொளியின் அசைவை இடைவிடாது கவனித்து வருவது இக்காரணத்தாலேயே கட்டாயமாகிறது.

மறுசுவாசக் கருவியோடு நேர்ந்த மரணங்களைப் பற்றி ஆண்ட்ரூ ஃபாக் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2010 வரை 181 மரணங்களைக் கணக்கிட்டு, ஒரு முக்குளிப்புக்கான இறப்பு விகிதம் திறந்த சுற்றைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கலாம் என மதிப்பிட்டது. மொத்த முக்குளிப்புகளின் எண்ணிக்கை ஊகத்தின் அடிப்படையிலானது ஆதலால் அந்த மடங்கை இறுதியானதாகக் கொள்ள முடியாது; ஆயினும் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கருவியோ, ஒரு வகைக் கட்டுப்பாட்டு முறையோ மற்றவற்றைவிடத் தெளிவாக மோசமாக இல்லை என்று அவ்வாய்வு கண்டது கவனத்துக்குரியது. பழுதுபடக்கூடிய உறுப்புகள் மிகுதி என்பது ஒரு காரணம் என்றால், அப்பழுதைத் தன் புலன்களால் உணர முடியாத நிலையில் மனிதன் இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்பழுதுகள் முடிவில் மூன்று வடிவங்களில் உடலைத் தாக்குகின்றன. ஆக்சிஜன் மிகக் குறைந்தால், மூச்சுத்திணறல் ஏதுமின்றியே நினைவு தப்பிவிடும். ஏனெனில் மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடு, கருவியோ அதைச் செவ்வனே நீக்கிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் மிகுந்தால், பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வலிப்பு வரும். மூன்றாவதான கார்பன் டை ஆக்சைடு மிகுதியே குகைக்குள் மிகக் கொடியது, ஏனெனில் அது உடலை மட்டுமன்றித் தப்பிக்கும் வழியையும் ஒருசேரத் தாக்குகிறது. அறிவைக் குழப்பி, அச்சத்தைப் பெருக்கி, ஆக்சிஜன் நச்சையும் நைட்ரஜன் மயக்கத்தையும் கூட்டி, மூச்சு வேகத்தை இரண்டு மூன்று மடங்காக உயர்த்தும் அந்நிலையில், வாய்முனையைச் சில நொடிகள் கழற்றித் திறந்த சுற்றுச் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கடிப்பதே பலருக்கு இயலாமற்போகிறது.

கார்பன் டை ஆக்சைடு மிகுவதற்கு இருவேறு வழிகள் உள்ளன. முதலாவது, சோடா லைம் கலத்தின் தோல்வி. கால்சியம் ஹைட்ராக்சைடை முதன்மையாகக் கொண்ட இக்குறுமணிகள் வாயுவை ஏற்றுச் சுண்ணாம்புக் கற்பொருளாக மாறுகின்றன; நிரப்பும்போது மணிகளுக்கிடையே வெற்றிடம் விடப்பட்டால் வாயு அவ்வழியே வினைபுரியாமல் ஊடுருவிச் செல்லும். குளிர்ந்த நீரில் வினை மந்தமாவதால், 20 பாகை செல்சியஸைக் கடந்த ஃபுளோரிடா ஊற்றுகளில் போதுமானதாக இருந்த கலம், நார்வேயின் குளிர்ந்த குகைகளில் அதே நேரத்துக்குப் போதாது. தயாரிப்பாளர்கள் அறிவிக்கும் மணிக்கணக்கு, குறித்த ஓர் ஆழத்தில், குறித்த ஒரு குளிரில், குறித்த ஓர் உழைப்புக்கு ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதை எல்லாக் குகைகளுக்கும் உரிய வாக்குறுதியாகக் கொள்ளலாகாது. சில கருவிகளில் உள்ள வெப்பமானித் தண்டு, வினையின் வெப்பமுனை கலத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, கலத்தைத் தப்பிக் கடந்து வரும் வாயுவை அளப்பதில்லை.

இரண்டாவது வழி, கலம் முழுமையாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உடலுக்குள் நிகழ்வது. ஆழம் கூடக்கூடச் சுவாசிக்கும் வாயு அடர்த்தியாகி, குழாய்களிலும் மூச்சுக்கிளைகளிலும் அதை நகர்த்தும் உழைப்பு மிகுந்து, நுரையீரலால் கழிவு வாயுவை வெளியேற்ற முடியாத கட்டம் வருகிறது. கேவின் ஆந்தனியும் சைமன் மிட்செலும் 2016-இல் முன்வைத்த பரிந்துரை, வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், 6.2 கிராமைத் தாண்டலாகாது என்றும் கூறியது. காற்றைப் பொறுத்தவரை இவை முறையே ஏறத்தாழ 31, 39 மீட்டர் ஆழங்களுக்குச் சமம். தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் குழியில் 2005 ஜனவரியில் டேவிட் ஷா இறந்தது இவ்விளைவின் மிகத் தெளிவான சான்று. முந்தைய ஆண்டில் அங்கே 270 மீட்டர் ஆழத்தில் தாம் கண்டெடுத்த, 1994-இல் இறந்த இளைஞர் ஒருவரின் உடலை மீட்கச் சென்ற அவர், அடியில் உழைத்தபோது கயிற்றில் சிக்கி, மூச்சு வேகம் மிகுந்து, நினைவிழந்தார். தலைக்கவசத்தில் பொருத்தியிருந்த கேமரா பதிவுசெய்த மூச்சொலியை ஆராய்ந்த மருத்துவர்கள், அடர்ந்த வாயுவைப் போதிய அளவு வெளியேற்ற இயலாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்கியதே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். நார்வேயின் ப்ளூரா குகையில் 2014-இல், 110 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒருவர் குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்ள, அவரும் அவருக்குப் பின் வந்தவர்களில் ஒருவரும் இறந்த விபத்திலும், ஆழத்தில் மூச்சிரைக்க உழைப்பது எவ்வளவு விரைவில் மீளமுடியாத நிலைக்குத் தள்ளும் என்பது வெளிப்பட்டது.

ஹீலியத்தை மிகுதியாகக் கலப்பது அடர்த்தியைக் குறைக்கும் வழக்கமான முறை. அதற்கும் எல்லை உண்டு என்பதால், ரிச்சர்ட் ஹாரிஸ் 2023 பிப்ரவரியில் நியூசிலாந்தின் பியர்ஸ் ஊற்றுக் குகையில் ஹைட்ரஜனை மறுசுவாசக் கருவியில் சேர்த்து 230 மீட்டர் ஆழம்வரை சென்று வந்தார். ஆக்சிஜன் ஏறத்தாழ 4 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை ஹைட்ரஜன் கலவை தீப்பற்றாது என்ற வேதியியல் உண்மையே அம்முயற்சிக்கு அடிப்படை. ஒருவரின் ஒரே முக்குளிப்பான இதை வழிகாட்டியாகக் கொள்ள இயலாது. ஆழ்குகையில் முதலில் தோற்பது மனிதனின் மூச்சுத்தசைகளே என்பதை ஒப்புக்கொண்ட முயற்சி என்ற அளவில் அது மதிக்கத்தக்கது.

ஆக்சிஜனை அளக்கும் உணர்விகளின் நிலை வேறு வகையில் கவலைக்குரியது. பெரும்பாலான கருவிகளில் உள்ளவை ஈயத்தை மெல்லச் செலவழித்து மின்னழுத்தம் தரும் சிறு மின்கலங்கள். அவை மூப்படையும்போது உயர்ந்த ஆக்சிஜன் அளவுகளுக்கு உரிய மின்னழுத்தத்தைத் தர இயலாமல் ஓர் உச்சத்தில் நின்றுவிடும். அவ்வாறு 1.2 பாருக்கு மேல் காட்ட இயலாத உணர்வியை நம்பி, 1.3 பாரை எட்ட முயலும் கட்டுப்பாட்டுச் சாதனம் ஆக்சிஜனை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டேயிருக்கும். மூன்று உணர்விகளை வைத்து, மாறுபடும் ஒன்றை ஒதுக்கி, ஒத்துப்போகும் இரண்டின் சராசரியை ஏற்கும் பெரும்பான்மை முறை இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டது. ஆனால் ஒரே நாளில் வாங்கி, ஒரே ஈரத்தில், ஒரே வெப்பத்தில் மூப்படைந்த மூன்றில் இரண்டு ஒரே விதமாகத் தவறக்கூடும், அப்போது பிழையான இரண்டு சேர்ந்து சரியான ஒன்றைத் தோற்கடித்துவிடும். உணர்விகளை வெவ்வேறு காலத்தில் வாங்கியவையாக வைத்து, ஓராண்டளவில் மாற்றுவதும், ஆறு மீட்டரில் தூய ஆக்சிஜனால் சுற்றை நிரப்பி 1.6 பாரை நெருங்கிக் காட்டுகின்றனவா எனப் பார்ப்பதும், ஐயம் எழும்போதெல்லாம் சுற்றை நீர்ப்பு வாயுவால் முழுதும் நிரப்பி எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுவதும் இதற்கான நடைமுறைகள். நீர்ப்பு வாயு காற்றாக இருந்தால் 30 மீட்டரில் உணர்விகள் 0.84 பாரைக் காட்ட வேண்டும். எந்தப் பெரும்பான்மையையும் நம்பாமல் இயற்பியலையே சாட்சியாக அழைக்கும் இச்சோதனை, நினைவில் நிற்கும் ஒரு கணக்கை மட்டுமே கேட்கிறது.

புலன்களை நம்ப முடியாத இடத்தில் எழுதப்பட்ட சரிபார்ப்புப் பட்டியலே நம்பத்தக்கது என்பதை, அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் 2012-இல் கூடிய மூன்றாம் மறுசுவாசக் கருவி மாநாடு தன் முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்றாக ஏற்றது. நீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் கருவியில் சுவாசித்துப் பார்த்தால் கலத்தின் குறை தெரிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையை மிட்செலின் குழு 2015-இல் வெளியிட்ட சோதனை தகர்த்தது. சோடா லைம் கலமே இல்லாத கருவியில் சுவாசித்தவர்களிலும் நால்வரில் ஒருவர் எதையும் உணராமல் ஐந்து நிமிடத்தையும் முடித்தார். பகுதியளவு குறையுள்ள கலத்தைப் பத்தில் ஒன்பது பேர் கண்டுகொள்ளவில்லை. மின்னணுப் பகுதிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதை அறிய அந்த ஐந்து நிமிடம் இன்றும் பயன்படும். கலத்தைப் பற்றி அது எதையும் உறுதிசெய்யாது.

நினைவிழந்தவரைக் காப்பதில் வாய்முனையைத் தலையோடு இறுக்கிப் பிடிக்கும் எளிய வார்ப்பட்டைக்குள்ள பங்கு, இராணுவம் சாராத முக்குளிப்பவர்களிடையே நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. பிரெஞ்சு இராணுவத்தில் 1979 முதல் 2009 வரை மறுசுவாசக் கருவியோடு நேர்ந்த 153 பாதிப்புகளை ஆராய்ந்த கட்டுரை, அவற்றுள் 54 பேர் நினைவிழந்தும் மூவர் மட்டுமே மூழ்கி இறந்ததாகக் கூறுகிறது. இராணுவத்தினர் துணைவரோடு கயிற்றால் இணைக்கப்பட்டுச் செல்வதும் அதற்கு உதவியிருக்கும். எனினும் நினைவிழப்பு மரணமாவது வாய்முனை வாயிலிருந்து நழுவி நீர் புகும் கணத்தில்தான் என்பதால், மிக மலிவான இந்தப் பட்டையை மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

இவையனைத்தும் தோல்வியைக் குறைக்குமேயன்றி இல்லாமற் செய்யாது. ஆகவே ஆய்வு மீண்டும் மீட்பு வாயுவுக்கு வந்து சேர்கிறது. கருவி பயனற்றுப் போனால் சுவாசித்து வெளியேறுவதற்கெனத் திறந்த சுற்றில் எடுத்துச் செல்லும் வாயுவே மீட்பு வாயு எனப்படும். வாயிலிலிருந்து 600 மீட்டர் உள்ளே, 30 மீட்டர் ஆழத்தில் கருவி நின்றதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 15 மீட்டர் நீந்துபவர் வெளியேற 40 நிமிடம் ஆகும். அமைதியான மூச்சுக்கு அது 3,200 லிட்டர். கார்பன் டை ஆக்சைடு மிகுந்தோ பதறியோ மூச்சு இருமடங்கானால் 6,400 லிட்டர். ஏறத்தாழ 2,200 லிட்டர் கொள்ளும் வழக்கமான அலுமினியச் சிலிண்டர்கள் முதற் கணக்கில் இரண்டு போதும், இரண்டாவதில் மூன்று வேண்டும். அதே நேரத்தில், முதுகிலுள்ள இரண்டு லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போதும், கலம் மூன்று மணி நேரம் தாங்கும். இவற்றை மட்டும் நோக்குபவர் ஆயிரம் மீட்டரைத் தாண்டியும் தயங்காமல் செல்வார். கருவி அனுமதிக்கும் தொலைவுக்கும் மீட்பு வாயு அனுமதிக்கும் தொலைவுக்கும் இடையே உள்ள இந்தப் பெரும் இடைவெளியில்தான் குகை மரணங்கள் காத்திருக்கின்றன. தொண்ணூறு மீட்டரில் பதற்றமான மூச்சு நிமிடத்துக்கு 400 லிட்டரைக் குடிப்பதால், ஒரு சிலிண்டர் ஆறு நிமிடம்கூடத் தாங்காது.

குகையின் நீரோட்டமும் இக்கணக்கில் சேர வேண்டும். நீர் வெளியே பாயும் ஊற்றுக்குகையில் திரும்பும் வழி எளிதாகும். நீரை உள்ளே இழுக்கும் குகையிலோ, போகும்போது கிடைத்த உதவி முழுவதையும் வரும்போது உழைப்பாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். மின்விசைச் செலுத்தியைப் பிடித்துக்கொண்டு அரை மணியில் கடந்த தொலைவை, அது நின்றால் நீந்திக் கடக்க மூன்று மடங்கு நேரமாகலாம். ஆகவே மீட்பு வாயு நீந்தும் வேகத்துக்கே கணக்கிடப்பட வேண்டும், மாற்றுச் செலுத்தி ஒன்று குழுவில் இருந்தாலன்றி. ஒருவரின் தேவையைப் போல ஒன்றரை மடங்கை மூவர் குழு தமக்குள் பகிர்ந்து சுமக்கலாம் என்ற வழக்கம், குழு பிரியாது, இருவருக்கு ஒரே நேரத்தில் பழுது நேராது என்னும் இரு அனுமானங்களின் மேல் நிற்கிறது. வண்டல் கலங்கிய குறுகலான வழியில் குழு பிரிவதே இயல்பு என்பதால், ஆளுக்குத் தனித்தனியே முழு அளவு என்ற கடுமையான நெறியே ஏற்கத்தக்கது. வழியில் விட்டுச் செல்லும் சிலிண்டர்கள் கயிற்றோடு பிணைக்கப்பட்டு, ஆழத்துக்கு உரிய குறியீடுகளோடு இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததை எட்ட முடியும் என்ற உறுதியும், ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அதற்கடுத்ததை எட்டக்கூடிய மிச்சமும் வேண்டும். வாய்முனையைக் கழற்றாமலே ஒரு திருப்பில் திறந்த சுற்றுக்கு மாற்றும் மீட்பு வால்வு, மூச்சிரைப்பவருக்கு உள்ள தடையை நீக்குவதால் குகைக்குள் இன்றியமையாதது எனலாம்.

மறுசுவாசக் கருவி எல்லாக் குகைக்கும் வேண்டும் என்பதுமில்லை. தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018-இல் சிறுவர்களை மீட்டவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் மாட்டிய திறந்த சுற்றுச் சிலிண்டர்களையே பயன்படுத்தினார்கள். ஆழம் குறைந்து, நீர்ப்பகுதிகளுக்கிடையே காற்றறைகள் அமைந்த, கலங்கலும் குறுகலுமான அந்த வழிக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. குறுகிய பயணத்துக்குச் சிக்கலான கருவியைப் பழக்கத்தின் பொருட்டோ பெருமையின் பொருட்டோ அணிவது இடரைக் கூட்டுவதேயாகும்.

திறந்த சுற்றால் இனி மீட்க முடியாத தொலைவுகளில் எஞ்சும் ஒரே வழி, இரண்டாவது மறுசுவாசக் கருவியையே மீட்புக் கருவியாகச் சுமப்பது. இது ஸ்டோனும் இஸ்லரும் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதாகும். ஆனால் சுவாசிக்கப்படாமல் உடன் வரும் சுற்று தன்போக்கில் மாறிக்கொண்டேயிருக்கும்: ஆழம் மாறும்போது அதனுள் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் மாறும், பைகள் நசுங்கும், நுண்ணிய கசிவு வழியே நீர் புகுந்து கலத்தை நனைத்துக் காரநீராக்கும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்து மூச்சிரைப்பவர் நேரடியாக அதற்கு மாறினால் அதன் சுவாசத் தடையே அவரை வீழ்த்தக்கூடும் என்பதால், முதலில் சில நிமிடம் திறந்த சுற்றில் மூச்சைத் தணித்து, பிறகே இரண்டாவது சுற்றுக்குச் செல்வது முறை. அதற்கான சிறு சிலிண்டர் இரட்டைக் கருவியாளரிடமும் இருந்தாக வேண்டும். இரண்டாவது கருவிக்கும் முதலாவதைப் போலவே புதிய சோடா லைம், தனி உணர்விகள், தனிச் சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவை தேவை. உள்ளே செல்லும் வழியில் குறித்த இடங்களில் அதிலிருந்து சுவாசித்துப் பார்க்கவும் வேண்டும். அவ்வாறு சுவாசித்துப் பார்க்கப்படாத இரண்டாவது கருவியைக் கணக்கில் சேர்க்காமல், அன்றைய பயணத்தின் கடைசி மீட்டரைத் திறந்த சுற்றுச் சிலிண்டர்களின் லிட்டர் கணக்கிலேயே நிறுத்திவிட வேண்டும்.